வரிக் குதிரை

“மாமா, இது பகல் கொள்ளை! கேட்பாரில்லையா?” என்று டெலிபோனில் கத்தினான் என் நண்பருடைய மகன்.

பையன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் எஞ்சினீயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தகப்பனாரோடு பேசி முடித்ததும் எனக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்குவான். குளிரைப் பற்றிப் பேசுவான், ரொட்டியைப் பற்றிப் பேசுவான், என் கதை ஏதாவது பத்திரிகையில் வந்திருந்தால், படிக்காமலே “பிரமாதம் மாமா!” என்பான். அன்றைக்குக் குளிரும் இல்லை, ரொட்டியும் இல்லை. பேச்சு முழுவதும் ஒரு மோட்டார் காரைப் பற்றி.

சின்ன வயசிலிருந்தே அவனுக்கு ஒரு பைத்தியம். அமெரிக்காவின் ‘கார்வெட்’ கார். அதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் பாடம் போட்டவன். எட்டு வருஷம் சம்பாதித்து, மிச்சம் பிடித்து, இனி ஒன்றை அமெரிக்காவிலிருந்து தருவித்துவிடலாம் என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கும்போது காகிதத்தின் அடியில் இருந்த தொகையைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது.

“அமெரிக்காவிலே சாதாரண உத்தியோகஸ்தன்கூடக் கடனை உடனை வாங்கி ஓட்டுகிற வண்டி மாமா. ஒரு சமுத்திரத்தைத் தாண்டினால் ராஜா வீட்டு வண்டியாகிவிடுகிறது!”

எனக்கும் காருக்கும் உள்ள சம்பந்தம், மழை நாளில் அது என் வேட்டியில் சேறு அடித்துவிட்டுப் போவதோடு சரி. ஆனாலும் பையன் படித்துக் காட்டிய கணக்கு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கணக்கில் பணத்தைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. அதன் பெயர் பொய். பொய்யைக் கண்டால், கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தொழில் பொறாமை வருமா, வராதா?

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1953-ஆம் வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செவ்ரலே என்ற தன் மலிவு வண்டிகளின் வரிசையிலே கார்வெட்டைக் கொண்டுவந்தது. அந்த வருஷம் செய்தவை முந்நூறே வண்டிகள், அத்தனையும் வெள்ளை, விலை 3,498 டாலர். பார்க்க அழகு, ஓட்டச் சோகை என்று பெயர் வாங்கியது. பிறகு அந்தக் கம்பெனியில் ஜோரா ஆர்க்குஸ்-டன்டோவ் என்று ஒரு எஞ்சினீயர் வந்து சேர்ந்தார். வண்டிக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது, வீரியம் வந்தது, பந்தய மைதானங்களில் மரியாதை வந்தது. இந்த டன்டோவ் எந்த ஊர்க்காரர் தெரியுமோ? ரஷ்யப் பெற்றோருக்கு பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிறந்தவர், பெர்லினில் படித்தவர். ‘அமெரிக்க வண்டி’ என்று ஐரோப்பா தீர்வை போட்ட காருக்கு உயிர் கொடுத்தவர் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த மனிதர்! பிரஸ்ஸல்ஸில் இருந்துதான் இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கச் சட்டம் கிளம்புகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், விதியின் குறும்பு புரியும்.

இப்போது அந்த வண்டி கெண்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்ற ஊரில் தயாராகிறது. 2020-ஆம் வருஷ மாடலுக்கு அமெரிக்காவில் குறித்த ஆரம்ப விலை 59,995 டாலர்.

பையனுடைய கணக்குக்கு வருவோம். எளிதாக இருக்கட்டும் என்று வண்டியின் விலை 60,000 யூரோ என்றும், கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் 2,000 யூரோ என்றும் வைத்துக்கொண்டான். ஆகமொத்தம் 62,000. இதன் மேல் ஐரோப்பா வெகு காலமாக வைத்திருந்த சுங்கத் தீர்வை 10 சதவிகிதம், அதாவது 6,200. ஆக 68,200. இதோடு விட்டார்களா? இந்த 68,200-க்கும் சேர்த்து மதிப்புக் கூட்டு வரி. கவனியுங்கள்: வண்டிக்கு வரி, கப்பல் கூலிக்கு வரி, கட்டிய தீர்வைக்கும் வரி! ஜெர்மனியில் அது 19 சதவிகிதம், 12,958 யூரோ. கடைசித் தொகை 81,158.

“இது ஜெர்மனிக் கணக்கு மாமா. லியோனில் இருக்கிற என் சிநேகிதன் கணக்கைக் கேளுங்கள்” என்றான்.

பிரான்சில் மதிப்புக் கூட்டு வரி 20 சதவிகிதம். அதைச் சேர்த்தால் 81,840. அதற்கு மேல் வண்டி கக்கும் கரிவாயுவுக்கு ஒரு தண்டனைத் தொகை. 2008-இல் இதை ஆரம்பித்தபோது உச்சம் 2,600 யூரோ. வருஷத்துக்கு வருஷம் ஏறி, 2025-இல் உச்சம் 70,000 யூரோவைத் தொட்டது. ஆறு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுள்ள புதுக் கார்வெட் சந்தேகமே இல்லாமல் உச்சத்தில்தான் போய் விழும். ஆக, லியோன் சிநேகிதனுக்கு அதே கார் 1,51,840 யூரோ.

கோபன்ஹேகனில் இன்னொரு சிநேகிதன். டென்மார்க்கில் மதிப்புக் கூட்டு வரி 25 சதவிகிதம். அதையும் சேர்த்த விலையின் மேல் பதிவு வரி. 2021-இல் திருத்தியமைத்தபோது அதை மூன்று படிகளாக வைத்தார்கள்: அடிப்படிக்கு 25 சதவிகிதம், நடுப்படிக்கு 85, அதற்கு மேல் உள்ள தொகை முழுவதற்கும் 150. அந்தக் கணக்குப்படி பதிவு வரி மட்டும் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. முழு விலை 1,85,000-க்கும் மேலே. வண்டிக்குக் கொடுப்பது ஒரு பங்கு. சர்க்காருக்குக் கொடுப்பது இரண்டு பங்கு!

ஒரே தொழிற்சாலை, ஒரே வண்டி, ஒரே கப்பல். மூன்று ஊரில் மூன்று விலை.

இதைக் கேட்டதும் உலகம் இரண்டு கட்சியாகப் பிரியும் என்று எனக்குத் தெரியும். முதல் கட்சி பையனுடைய கட்சி: “அநியாயம்! கொள்ளை! மனுஷன் உழைத்துச் சேர்த்த பணத்தில் இஷ்டப்பட்ட வண்டி வாங்கக் கூடாதா?” இரண்டாவது கட்சியை நம் வாசகர்களில் பலர் சேர்வீர்கள்: “இரண்டு பேர் உட்காருகிற உல்லாச வண்டி. இது இல்லாவிட்டால் உலகம் அழுதுவிடுமா? கொழுத்தவன் கொடுக்கட்டும்.”

நான் இரண்டு கட்சியிலும் சேரமாட்டேன்.

முதல் கட்சிக்குச் சொல்கிறேன்: உல்லாசத்துக்கு வரி போடுவது பாவமில்லை. ஆறு லிட்டர் எஞ்சின் கக்குகிற புகை, அதை வாங்கினவன் மூக்குக்குள் மட்டும் போவதில்லை. கார் இல்லாத பாட்டியம்மாளும் அதைத்தான் சுவாசிக்கிறாள். அவளுக்கும் சேர்த்து வண்டிக்காரன் கொடுக்கட்டும் என்று ஒரு சர்க்கார் சொன்னால், அந்தச் சர்க்காருக்கு நான் கை தட்டுவேன்.

இரண்டாவது கட்சிக்குச் சொல்கிறேன்: கொழுத்தவன் கொடுக்கட்டும் என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கொழுத்தவன் கொடுக்கிறானா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஐயா, இந்த வரிகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தேசமும் எந்த வண்டியைத் தானே செய்யவில்லையோ, அந்த வண்டியைத்தான் கடுமையாகத் தண்டிக்கிறது. எதைச் செய்து விற்கிறதோ, அதன் தலையைத் தடவிக்கொடுக்கிறது. தண்டிக்கும்போது மட்டும் தர்மத்தின் பெயரைச் சொல்லிக்கொள்கிறது.

டென்மார்க்குக்குச் சொந்தமாகக் கார்த் தொழில் என்று ஒன்று கிடையாது. அங்கே வரி மேல்படியில் 150 சதவிகிதம். ஜெர்மனி போர்ஷ், மெர்ஸிடிஸ், பி.எம்.டபிள்யூ. என்று அசுர வேக வண்டிகளைச் செய்து உலகத்துக்கெல்லாம் விற்கிற தேசம். அங்கே பதிவு வரி என்று தனியாக ஒன்றும் இல்லை! பெரிய எஞ்சினுக்கு வருஷா வருஷம் கட்டுகிற வரியும் ஆயிரம் யூரோவுக்குள் அடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அவர்களுடைய ஆட்டோபான் சாலைகளில் பெரும் பகுதிக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது. 130 கிலோமீட்டரில் போனால் நல்லது என்று ஒரு யோசனை மட்டும் உண்டு. டேனிஷ்காரனுடைய நுரையீரல் வேறு, ஜெர்மன்காரனுடைய நுரையீரல் வேறா? நுரையீரல் ஒன்றுதான். தொழிற்சாலைதான் வேறு.

பிரான்சின் கதை இன்னும் ருசிகரமானது. அங்கே வண்டிக்கு நிஜமான குதிரைத்திறன் ஒன்று. வரி போடுவதற்காகச் சர்க்கார் கணக்கிடுகிற குதிரைத்திறன் வேறொன்று. நம் பாஷையில் ‘வரிக் குதிரை’ என்றால் உடம்பில் கோடு போட்ட மிருகம். பிரான்சிலோ நிஜமாகவே வரிக்கென்று ஒரு குதிரை இருக்கிறது! 1948-இல் சிட்ரோவன் கம்பெனி வெளியிட்ட பிரசித்தமான ஏழை வண்டிக்கு ‘இரண்டு குதிரை’ என்றே பெயர். அந்த இரண்டும் வரிக் குதிரைகள்தாம். ஒரு தேசத்தின் செல்லக் குழந்தைக்கு அதன் வரி இனத்தையே பெயராக வைத்தார்கள் என்றால் பாருங்கள். 1956-இல் கி மொல்லேயின் சர்க்கார், வயோதிகர்களுக்கு உதவித் தொகை கொடுப்பதற்கென்று, கார்களுக்கு ஆண்டு வரி ஒன்றைக் கொண்டுவந்தது. வரிக் குதிரை ஏற ஏறப் பணமும் ஏறிற்று. வயோதிகர்களின் பெயரைச் சொன்னால் யார் எதிர்ப்பார்கள்? ஆனால் தேசத்தின் பெரிய கம்பெனிகள் செய்தவையெல்லாம் சின்ன எஞ்சின்கள். அடி விழுந்தது பெரிய எஞ்சின்களுக்கு. பெரிய எஞ்சின் என்றால் அந்த நாளில் அமெரிக்க எஞ்சின்.

அந்தக் காலத்திலும் பிரான்சில் ஓர் அசட்டுத் துணிச்சல்காரக் கம்பெனி இருந்தது. ஃபாஸெல் வேகா என்று பெயர். உடம்பு பிரெஞ்சு உடம்பு. உள்ளே அமெரிக்காவின் கிரைஸ்லர் எஞ்சின். 1960-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆந் தேதி நாவலாசிரியர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்தது அந்தக் கம்பெனியின் வண்டியில்தான். இலக்கிய வாசகர்களுக்கு அந்தப் பெயர் துக்கத்தோடு ஞாபகமிருக்கும். 1964-இல் அந்தக் கம்பெனியும் கண்ணை மூடிற்று.

இத்தாலியைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதினேன் என்பீர்கள். ஃபெராரியையும் லம்போர்கினியையும் செய்கிற அதே இத்தாலி, 2011-லிருந்து அதிசக்தி வண்டிகளுக்குத் தனியாக வருஷ வரி வாங்குகிறது. தன் பிள்ளையையும் அடிக்கிறது. அந்த மட்டுக்கும் இத்தாலிக்கு ஒரு நமஸ்காரம். ஆனால் பழைய கதை ஒன்றும் உண்டு. 1970-களில் அங்கே இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் மதிப்புக் கூட்டு வரி 38 சதவிகிதம். கோட்டை ஏன் இரண்டு லிட்டரில் போட்டார்கள்? ஃபியட்டின் வண்டிகளில் பெரும்பாலானவை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றன. ஃபெராரி என்ன செய்தது? கோட்டைத் தாண்டாமல் உள்ளூரில் விற்பதற்கென்றே இரண்டு லிட்டர் எஞ்சின் போட்டு ‘208’ என்று ஒரு குட்டி வண்டி செய்தது. சிங்கத்தைப் பூனையாக்கி வாசற்படி தாண்டவைத்தார்கள். எஞ்சினீயர் வரைய வேண்டிய எஞ்சினை வரிக் குமாஸ்தா வரைந்தால் இப்படித்தான் ஆகும்.

“அப்படிச் சொல்லுங்கள்! ஐரோப்பாக்காரன் மோசம், அமெரிக்காக்காரன்தான் தாராள மனசுக்காரன்” என்று சந்தோஷப்படுகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அவன் கதையையும் கேளுங்கள்.

அமெரிக்கா வெகு காலம் ஐரோப்பியக் கார்களுக்குப் போட்ட தீர்வை 2.5 சதவிகிதம். “நாங்கள் இரண்டரை, நீங்கள் பத்து” என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். அது வாஸ்தவம். சொல்லாமல் விட்டது என்ன? 1962-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை அமெரிக்கக் கோழி இறைச்சிக்குத் தீர்வையை உயர்த்திற்று. கோபம் கொண்ட அமெரிக்கா பழிக்குப் பழி வாங்கிற்று. 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் ஒரு பிரகடனம் செய்தார்: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சின்ன லாரி, நான்குக்கும் 25 சதவிகிதம். ஃபோக்ஸ்வாகனின் சரக்கு வண்டிக்கு அமெரிக்கக் கதவு சாத்தப்பட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தது. மாவும் பிராந்தியும் விடுதலை பெற்றன. லாரித் தீர்வை மட்டும் அறுபது வருஷம் கடந்தும் அப்படியே நின்றது. அந்த மதிலின் நிழலில்தான் அமெரிக்கக் கம்பெனிகளின் பெரிய லாரிகள் கொழுத்து வளர்ந்தன.

வேடிக்கை என்னவென்றால், அந்த மதிலில் ஃபோர்டு கம்பெனியே போய் முட்டிக்கொண்டது. துருக்கியில் செய்த தன் சரக்கு வண்டிகளுக்குப் பின் ஆசனம் பொருத்தி, பிரயாணிகள் வண்டி என்று சொல்லி இறக்கிவிட்டு, துறைமுகம் தாண்டியதும் ஆசனத்தைப் பிடுங்கிப் போட்டது. கேஸ் வருஷக்கணக்காக நடந்து, 2024-இல் 36.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமாயிற்று.

இன்னொன்று. 1978-இல் அமெரிக்கா, பெட்ரோலை அதிகம் குடிக்கிற கார்களுக்குத் தண்ட வரி போட்டது. நல்ல காரியம். ஆனால் லாரி இனத்தைச் சேர்ந்த வண்டிகளுக்கு விலக்கு! அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மிகுந்த லாபம் தருகிற பெரிய பெரிய குடும்ப வண்டிகளெல்லாம் அந்த விலக்கின் வழியாகத் தப்பிவிட்டன. அங்கேயும் அதே கதைதான். தன் வீட்டு மாடு மேய்ந்தால் அது மேய்ச்சல். அடுத்த வீட்டு மாடு மேய்ந்தால் அது திருட்டு.

“அப்படியானால் எந்தச் செலவும் நியாயமில்லை என்கிறீரா?” என்று கேட்பீர்கள். இல்லை. நியாயமான செலவு எது என்பதற்கும் இந்த வண்டியிலேயே உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் காரின் பின்பக்கம், திரும்புவதற்குக் காட்டுகிற விளக்கு சிவப்பாக இருக்கலாம். ஐரோப்பாவில் அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே, அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த வண்டியைத் தருவித்தால் அந்த விளக்கை மாற்ற வேண்டும். பின்பக்கம் மூடுபனி விளக்கு வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி ஐரோப்பிய முறையில் விழ வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். பிறகு பரிசோதகர் முன்னால் நிறுத்தி, தனி வண்டிக்கான அங்கீகாரம் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் பணமும் ஆகும், நாளும் ஆகும். பையன் இதைப் பற்றியும் புலம்பினான். நான் சொன்னேன்: “இதற்கு மட்டும் புலம்பாதே, தம்பி.”

ஏனென்றால், சிவப்பு விளக்கு என்றால் முன்னால் போகிறவன் நிற்கப் போகிறானா, திரும்பப் போகிறானா என்று பின்னால் வருகிறவன் ஒரு கணம் மயங்குவான். மஞ்சள் விளக்கு அந்த மயக்கத்தைத் தீர்க்கிறது, மோதலைக் குறைக்கிறது. அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகாவே 2009-இல் ஆராய்ந்து சொன்ன முடிவு இது. அதைவிட முக்கியம், அந்த மஞ்சள் விளக்கை ஸ்டுட்கார்ட்டில் செய்கிற போர்ஷும் போட வேண்டும்; கெண்டக்கியில் செய்கிற கார்வெட்டும் போட வேண்டும். சட்டம் என்றால் அதுதான் சட்டம். தன் பிள்ளைக்கும் ஊரார் பிள்ளைக்கும் ஒரே பிரம்பு. அமெரிக்காக்காரன் இந்த விஷயத்தில் இன்னும் கடுமை. தன் விதிகளுக்குப் பொருந்தாத அந்நிய வண்டியை, 25 வயசு ஆகும்வரை சாதாரண மனுஷன் உள்ளே கொண்டுவரவே முடியாதபடி கதவைச் சாத்திவைத்திருக்கிறான்.

மதிப்புக் கூட்டு வரியும் இந்த ஜாதிதான். 2025-இல் ஜனாதிபதி டிரம்ப் அந்த வரியையும் அமெரிக்கச் சரக்குக்கு எதிரான மதில் என்று சேர்த்துப் பேசினார். அது தப்பு. ஜெர்மனியில் போர்ஷ் வாங்குகிறவனும் அதே 19 சதவிகிதம் கட்டுகிறான். அது மதில் அல்ல; எல்லார் வீட்டு வாசலிலும் உள்ள படி.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும் வரப்போகிறது.

ஐரோப்பியச் சுங்கச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. முப்பது வயசு கடந்த வண்டி, செய்த காலத்து உருவம் மாறாமல் இருந்து, அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இல்லாமலும் இருந்தால், அது காரே அல்ல! கலைப் பொருள், சரித்திரச் சின்னம். அதற்குச் சுங்கத் தீர்வை ஒரு காசு கிடையாது. மதிப்புக் கூட்டு வரியும் ஜெர்மனியில் 19 இல்லை, 7. பிரான்சில் 20 இல்லை, 5.5.

1963-ஆம் வருஷத்துக் கார்வெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த அந்த மாடலுக்காக ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சம் டாலருக்கு மேலேயும் போகும். ஒரு கோடீசுவரர் அப்படி ஒன்றை ஒரு லட்சம் யூரோவுக்கு வாங்கி, கப்பல் கூலி 2,000 கொடுத்துப் பிரான்சுக்குக் கொண்டுவருகிறார். எல்லையில் அவர் கட்டுவது 5,610 யூரோ. அதே கப்பலில், எட்டு வருஷச் சம்பளத்தை மிச்சம் பிடித்த ஒரு எஞ்சினீயர், 60,000 யூரோவில் புது வண்டி கொண்டுவருகிறான். மேலே சொன்ன கணக்குப்படி அவன் கட்டுவது தீர்வையும், வரியும், தண்டனையுமாக 89,840.

புகை விஷயத்திலாவது பழைய வண்டி சாதுவா? முதல் மாடல்களுக்குப் புகை வடிகட்டுகிற கருவி என்பதே கிடையாது. 1967-ஆம் வருஷத்து ஏழு லிட்டர் கார்வெட் ஒன்று ஜெர்மனியில் ‘சரித்திர வாகனம்’ என்று பதிவு பெற்றுவிட்டால், எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் வருஷ வரி ஒரே தொகை: 191 யூரோ சொச்சம். நகரங்களில் அசுத்தப் புகை வண்டிகள் நுழையக் கூடாது என்று வட்டம் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்த வட்டத்துக்குள்ளும் அது ராஜ கம்பீரமாகப் போகலாம். புராதனச் சின்னம் கக்குகிற புகையும் புராதனச் சின்னம் போலும்!

இப்போது சொல்லுங்கள், கொழுத்தவனா கொடுக்கிறான்?

பழைமையைப் போற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருட்காட்சி சாலையில் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும், தீர்வையே வேண்டாம். ஆனால் சொந்தக் கொட்டகையில் பூட்டிவைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிநேகிதர்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டுகிறவருக்கு எதற்காக இந்தச் சலுகை? எவனுக்குச் சேமிப்பு ஒன்றுதான் ஆஸ்தியோ அவன் தண்டனை கட்டுகிறான். எவனுக்குக் காரே ஒரு முதலீடோ அவனுக்கு வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள்.

2025 ஜூலை 27-ஆந் தேதி ஸ்காட்லாந்தில் ஒரு கோல்ஃப் மைதானத்து மாளிகையில் டிரம்பும், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி உர்சுலா ஃபொன் டெர் லையனும் உட்கார்ந்து கை குலுக்கினார்கள். ஐரோப்பியக் கார்களுக்கு அமெரிக்கா 15 சதவிகிதம் போடுவது. அமெரிக்கத் தொழில் சரக்குகளுக்கு ஐரோப்பா தன் தீர்வையை நீக்குவது என்று ஏற்பாடு. ஆகஸ்டில் கூட்டறிக்கையும் வந்தது. பத்திரிகைகளில் கொட்டை எழுத்துச் செய்தி.

பையன் அதையும் கணக்குப் போட்டான். பத்து சதவிகிதத் தீர்வையை அடியோடு எடுத்துவிட்டால் லியோன் சிநேகிதனுக்கு எவ்வளவு மிச்சம்? 7,440 யூரோ. அவனுடைய 1,51,840-இல் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இந்த ஐந்துக்காக இரண்டு கண்டங்கள் சண்டை போட்டு, சமாதானம் ஆகி, படம் பிடித்துக்கொண்டன. மீதிச் சுமையைப் பற்றி, அது எதற்காக, யாரிடம் வாங்கி, யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பற்றி, அந்த மாளிகையில் யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. வாய் திறந்தால் இரண்டு பேர் வேஷமும் கலைந்துவிடுமே!

நான் கேட்பது பெரிய வரம் ஒன்றும் இல்லை. “எங்கள் தொழிலாளிகளுக்கு வேலை வேண்டும்; அதற்காக அந்நிய வண்டிக்குத் தீர்வை போடுகிறோம்” என்று ஒரு சர்க்கார் நேராகச் சொல்லட்டும். அதில் அவமானம் இல்லை. ஜனங்கள் அது சரியா தப்பா என்று ஓட்டுப் போட்டுச் சொல்வார்கள். “காற்று கெடுகிறது; அதற்காக வரி போடுகிறோம்” என்று சொல்லட்டும். அப்போது அளக்க வேண்டியது புகையை. வண்டியின் ஜாதகத்தை அல்ல. எந்த ஊரில் பிறந்தது, எத்தனை வயசு, எந்தக் கோடீசுவரரின் கொட்டகையில் தூங்குகிறது என்றெல்லாம் பார்க்கக் கூடாது. காரணம் ஒன்று, வசூல் வேறொன்று என்று நடந்தால், அதைப் பார்த்துப் பழகுகிற ஜனங்கள் நியாயமான வரியையும் நம்பமாட்டார்கள். நாளைக்கு நிஜமாகவே பாட்டியம்மாளின் மூச்சுக்காக ஒரு வரி கேட்டால், “இதுவும் எவன் தொழிற்சாலைக்காகவோ?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நஷ்டத்துக்கு முன்னால் ஒரு கார்வெட்டின் விலை என்ன பிரமாதம்?

பையன் கடைசியில் கேட்டான்: “அப்படியானால் மாமா, புதுசு வேண்டாம், கடனை வாங்கியாவது பழைய வண்டியாகவே ஒன்று தருவித்துவிடட்டுமா? சட்டம் அதைத்தானே செய்யச் சொல்கிறது?”

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒழுங்காகச் சம்பாதித்து, ஒழுங்காகக் கணக்குப் போட்டு, கேட்ட வரியைக் கட்டத் தயாராக இருந்த பிள்ளைக்கு, எங்கே ஓட்டை இருக்கிறது என்று சட்டமே சொல்லிக்கொடுத்துவிட்டது.

கனவான்களே, வரி போடுங்கள். வேண்டுமட்டும் போடுங்கள். வேஷம் மட்டும் போடாதீர்கள்.